ஒரு பாட்டு வீடியோவும் நாங்கள் நீக்கிய ஒரு ஷாட்டும்

விடுதி மாணவர்கள் எடுத்த பாட்டு வீடியோ டிசம்பர் 6 அன்று வெளியானது. பார்த்துவிட்டுப் பேசிய தோழர்களில் பாதிப் பேர் "என்ன கேமரா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் கேட்டது வேறு: "ரெண்டாவது சரணத்துல பறை அடிக்கிற பொண்ணோட முகத்த ஏன் காட்டல? கையையே காட்டிட்டு இருக்கீங்களே?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டு கைபேசி, கடன் வாங்கிய ஒரு டிரைபாட். இரண்டாவது கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். வேறு சில கல்லூரி மாணவர்களும் இதே போல ஒன்றை எடுக்க யோசனை கேட்டுக்கொண்டிருப்பதால், முதலிலிருந்தே சொல்கிறோம்.

பாட்டு விடுதியைப் பற்றியது. ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகளில் ஒரு மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படி 2023இல் 1,500 ஆனது. அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 ரூபாய். டீக்கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். 2025 ஜூலையில் அரசு எல்லா நல விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. பெயர்ப் பலகை புதிதாக வந்தது, குளியலறைக் குழாயில் தண்ணீர் பழையபடியே வரவில்லை என்பதை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி நான்கு வரியில் எழுதிக் காட்டினான். பாட்டு அங்கிருந்துதான் தொடங்கியது. நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் நான்கு பேர். உதவிக்குப் போனோம். பாட்டு அவர்களுடையது.

ஷாட் லிஸ்ட் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பையன்கள் முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். 41 ஷாட். அதில் பெண்கள் வந்தது நான்கில், அந்த நான்கில் இரண்டு ஷாட்டில் சும்மா சிரிக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு எல்லோரும் சேர்ந்து சொன்ன பதில்: "அவங்களுக்கு ஆறு மணிக்கு கேட் பூட்டிடுவாங்க அக்கா. நம்ம முக்கால்வாசி ஷாட்டு சாயங்கால வெளிச்சத்துல." பொய்யில்லை. ஆனால் சாயங்காலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? காலை ஆறரை மணிக்கும் வெயில் அதே சாய்வில்தான் விழுகிறது. நாள் அட்டவணையைக் காலைக்கு மாற்றினோம். பெண்கள் வரும் ஷாட் நான்கிலிருந்து 19 ஆனது. பெண்களை ஒதுக்க வேண்டும் என்று அந்தப் பையன்களில் ஒருவனும் நினைக்கவில்லை. தங்கள் வசதிக்கு நேரத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். நம்மை ஒதுக்குகிறவர்களும் பல நேரம் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

விடுதிக்குள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. காப்பாளர் மாவட்ட அலுவலகத்தைக் கை காட்டினார், அலுவலகம் பாட்டு வரிகளை எழுதிக் கொடுக்கச் சொன்னது. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து விடுதியின் வெளிச்சுவரை எடுத்துக்கொண்டோம். உள்ளறையைக் காலனியின் சமுதாயக் கூடத்தில் அமைத்தோம். மாணவர்களின் சொந்த டிரங்குப் பெட்டி, கொடிக்கயிறு, தட்டு. இது பொய்யில்லையா என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. முடிவில் "அறைக் காட்சிகள் மாணவர்களே மீண்டும் அமைத்தவை" என்று ஒரு வரி போட்டோம். அது இருப்பதால் பாட்டின் வலு குறைந்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மொத்தச் செலவு 6,400 ரூபாய். பாதிக்கு மேல் சாப்பாட்டுக்குப் போனது. பட்டினியாக இருந்துகொண்டு பட்டினியைப் பற்றி லிப் சிங்க் செய்யச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

தொழில்நுட்பத்தில் நாங்கள் அடிபட்டுக் கற்ற இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் கைபேசியை அதன் போக்கில் 30 ஃபிரேமில் விட்டால் படத்தில் வெளிச்சம் அலையடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்துவிடுங்கள். இன்னொன்று, பல கைபேசிகள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். அந்தக் கோப்பை நேராக எடிட்டிங்கில் போட்டதால் பல்லவியில் பொருந்திய உதடு கடைசிச் சரணத்தில் பாட்டுக்குப் பின்னால் ஓடியது. மூன்று இரவு வீண். பிறகுதான் எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றினோம். எடிட் செய்தது 12ஆம் வகுப்பில் கிடைத்த இலவச மடிக்கணினியில். பெரிய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. ஷாட்கட்டில் பிராக்ஸி கோப்பு வைத்து ஓட்டினோம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத் தொழில்நுட்பம் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. முதல் நாள் எடுத்ததைப் பார்த்தபோது எல்லோரும் ஒரு மாதிரி வெளுத்திருந்தார்கள். ஒரு கைபேசியில் 'பியூட்டி' அமைப்பு வாங்கியபோதே போடப்பட்டிருந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை. கேமராவுக்கு நம் நிறம் ஒரு பிழை, அதைத் திருத்திக் கொடுத்திருக்கிறது. இது இன்று வந்த நோயும் இல்லை. வண்ணப்படம் கழுவும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அளவுகோல் அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அடர்ந்த நிறங்களைச் சரியாகப் பதியும்படி ஃபிலிமை மாற்றும் வேலைக்கு உந்துதல் கொடுத்தது சாக்லேட்டையும் மரச்சாமானையும் படம் பிடித்தவர்களின் புகார்தான் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கறுப்பு மனிதர்களின் முகத்துக்காக யாரும் அவசரப்படவில்லை, சாக்லேட்டுக்காக அவசரப்பட்டார்கள். அந்த அமைப்பை அணைத்துவிட்டு முதல் நாள் ஷாட் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். கார்த்திகை மழை வேறு. ஒரு நாள் முழுக்கப் போனது. நிறம் திருத்தும்போதும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். பின்னணி இருண்டாலும் பரவாயில்லை, முகத்தை வெளுக்க வைப்பதில்லை.

என்ன எடுக்கக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் போட்டோம். செருப்பில்லாத குழந்தை ஸ்லோ மோஷனில் ஓடுவது, மூக்கு ஒழுகும் குழந்தை கேமராவைப் பார்ப்பது, சாக்கடை, குப்பைமேடு. சேரி என்றாலே இந்த நான்கு ஷாட் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நம்மவர்களும் சேர்த்து. அங்கே தையல் மெஷின் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் இருக்கிறது, கேரம் போர்டு இருக்கிறது. ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, காலனிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி என்று இரண்டும் ஒரே ஃபிரேமில் தெரிகிற ஓர் இடத்தை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நடந்ததற்குப் பிறகு அந்த ஷாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. ஆறு நொடி, கேமரா அசையவில்லை.

பறைக்கு வருவோம். காலனியில் பறை இருந்த ஒரே வீடு ஒரு பெரியவருடையது. போய்க் கேட்டோம். "பறையா? அத அடுப்புல போட்டு எரிச்சிட்டுதாண்டா உங்கள மாதிரி புள்ளைங்கள படிக்க வச்சோம். இப்போ நீங்க படிச்சிட்டு வந்து அதயே கேக்குறீங்க" என்றார். மாணவர்கள் திகைத்துப் போனார்கள். பறை விடுதலையின் கருவி என்றுதான் அவர்கள் பயிலரங்குகளில் கற்றிருக்கிறார்கள். எங்களிடமும்தான். ஆனால் தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள், ஆதிக்கச் சாதிகளின் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தியவர். அந்தத் தலைமுறைக்குக் குச்சியைக் கீழே போட்டது விடுதலை. இந்தத் தலைமுறைக்குக் கையில் எடுப்பது விடுதலை. யார் கூப்பிட்டு அடிக்கிறோம், யாருக்காக அடிக்கிறோம் என்பது மாறியிருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. மூன்றாவது முறை போனபோது, பறையை எப்படிக் காய்ச்சுவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். வைக்கோல் தீ போதும், கட்டைத் தீ கூடாது, தோல் வெடித்துவிடும் என்றார். கேமராவை அணைத்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டோம். வீடியோவில் அவர் இல்லை. வெளியூர்க் குழு ஒன்றிடம் பறை வாங்கி வந்தோம்.

அதை அடித்தது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை. பெயர், ஊர், பாடம் எதுவும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது சரணம் முழுக்க அவள்தான். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்து இரண்டே மாதத்தில் கற்றவள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு டேக்கில், சரணம் முடியும் இடத்தில், அடியை நிறுத்திவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தாள். நாங்கள் சொல்லிக்கொடுக்காதது. எடுத்த எல்லாவற்றிலும் அதுதான் சிறந்த ஷாட். ரஃப் கட் பார்த்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் அவள் எங்களில் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, என் முகம் வர்றத எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

அவள் குடும்பம் ஒரு நகரத்தில் வாடகைக்கு இருக்கிறது. ஒன்பது வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு கிடைத்த வீடு. எட்டு வீட்டில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். ஒன்பதாவது வீட்டில் அவள் அம்மா வேறு ஒரு பதிலைச் சொன்னார். தம்பி பக்கத்துப் பள்ளியில் படிக்கிறான். வீட்டு உரிமையாளரின் மகன் கைபேசியில் இந்த வீடியோ வராது என்று யாரால் சொல்ல முடியும்? பறை, நீலக்கொடி, அண்ணலின் படம், நடுவில் அவள் முகம்.

எங்கள் குழுவில் சண்டையே நடந்தது. கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்திருக்கிறாள் என்றார் ஒருவர். இன்னொருவர் சொன்னதைத் தட்ட முடியவில்லை: "ஒளிஞ்சி வாழக் கூடாதுன்னுதான் இந்தப் பாட்டே. அத எடுத்துட்டா நாம பாடுனதுக்கு என்ன அர்த்தம்?" அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்வதன் வலிமையை நாங்களும் வகுப்புகளில் பேசியிருக்கிறோம். ரோஹித் வெமுலாவின் மரணத்துக்குப் பிறகு யாஷிகா தத் தன் சாதியை வெளியே சொல்லி எழுதியதை வாசிக்கக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். ஆனால் அது அவர் எடுத்த முடிவு. அவருடைய முகம், அவருடைய நேரம். இங்கே நாங்கள் கேட்டது ஒரு மாணவியின் துணிச்சலை மட்டும் அல்ல. அவள் அம்மாவின் வாடகை வீட்டை, அட்வான்ஸ் தொகையை, தம்பியின் பள்ளியைச் சேர்த்துக் கேட்டோம். அந்த வீடு போனால் பத்தாவது கதவைத் தட்டப் போவது அவர்கள். நாங்கள் அல்ல, வீடியோவைப் பகிர்கிறவர்களும் அல்ல.

சம்மதப் படிவத்தைப் பற்றியும் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. சமூகப்பணியில் இருப்பவர்கள், படிவம் தயாரிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் படிவத்தில் "சம்மதம்" என்று இருந்ததே தவிர, பின்வாங்கலாம் என்று எங்கும் இல்லை. ஷூட்டிங் நடந்த காலையில், நண்பர்கள் சுற்றி நிற்க, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க வாங்கிய கையெழுத்து அது. இப்போது மாற்றிவிட்டோம். இறுதி வடிவத்தைப் பார்த்த பிறகு இரண்டாவது கையெழுத்து, வெளியிடும் நாள் வரை காரணம் சொல்லாமல் விலகும் உரிமை. எங்கள் படிவத்தை யார் கேட்டாலும் தருகிறோம்.

முகத்தை மங்கலாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. குற்றவாளியைக் காட்டுவது போல இருக்கும் என்று அவளே வேண்டாம் என்றாள். முகம் வந்த எல்லா ஷாட்டையும் நீக்கினோம். கை, குச்சி, தோலின் அதிர்வு, சுவரில் விழுந்த நிழல் இவற்றை வைத்துச் சரணத்தைக் கட்டினோம். சரணம் வலு குறைந்துதான் போனது. கை தட்டல் வந்த இடத்தில் இப்போது யாரும் தட்டுவதில்லை. எங்களோடு சண்டை போட்ட தோழர் இன்றும் நாங்கள் செய்தது தவறு என்றுதான் சொல்கிறார். அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. மறைய விரும்பாதவரை மறைத்துவிடுவது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களைப் பேசும்போது அவற்றின் வரிகளை எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகே அறிவை வைத்து இணையத்தில் ஓர் அட்டை வந்தது. பெரிய இடத்தில் நடந்ததை நாம் கண்டித்தோம். நம் மாணவர் வீடியோக்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். "ஒருங்கிணைப்பு" என்று மூத்தவர் பெயர் முதலில், பெரிய எழுத்தில். வரி எழுதியவன் எட்டாவதாக. சமைத்தவர் பெயர் இல்லவே இல்லை. எங்கள் முதல் பட்டியலிலும் எங்கள் பெயர்கள்தான் மேலே இருந்தன. வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது வரி எழுதியவன், பாடியவர்கள், பறை, எடிட்டிங், சமையல், கடைசியில் நாங்கள். அந்தத் தங்கை தான் தேர்ந்தெடுத்த ஒரு புனைபெயரில் இருக்கிறாள்.

பாட்டு வீடியோவால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. தனியாக ஒன்றும் நடக்காது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' உலகம் முழுக்கப் பரவியது, 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே. பாதரச ஆலை 2001இல் மூடப்பட்டதிலிருந்து தொழிலாளர்கள் நடையாய் நடந்தார்கள். எங்கள் மாணவர்களும் வீடியோவோடு குழாய், கழிப்பறை, உணவுப்படி பற்றிய மனுவை ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறார்கள். குழாய் ஒன்று சரி செய்யப்பட்டது. மற்றவை நிலுவையில்.

வெளியிட்ட இரண்டாம் நாளே சாதிப் பெயர் சொல்லி வசைகள் வந்தன. இதை எதிர்பார்த்துத் திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும், நாங்கள் சேர்க்கவில்லை. கோபத்தில் ஒரு தம்பி எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கிவிட்டான். அழிக்காதீர்கள். முதலில் இணைய முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு மறையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் பிரிவு 3(1)(ஆர்), (எஸ்), (யு) ஆகியவை அவமதிப்பையும் சாதிப் பெயரால் ஏசுவதையும் பகைமை பரப்புவதையும் குற்றமாக்குகின்றன. இணையத்தில் செய்யப்படும் இழிவும் பொதுப் பார்வையில் நடப்பதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் எழுதித்தான் புகார் கொடுத்தோம். இதுவரை கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். போடும் வரை வாரம் ஒரு முறை மாணவர்கள் முறை வைத்துப் போய் வருகிறார்கள்.

நீக்கிய ஷாட் என்ன ஆனது என்றும் சிலர் கேட்டார்கள். பாதுகாத்து வையுங்கள், காலம் மாறும்போது சேர்க்கலாம் என்று அன்பாகச் சொன்னார்கள். அது எங்களிடம் இல்லை. வீடியோ வெளியாவதற்கு முந்தைய நாள், தன் முகம் வரும் மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னாள். கொடுத்தோம். அவள் கண் முன்னாலேயே மடிக்கணினியிலும் இரண்டு கைபேசிகளிலும் அழித்தோம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி நின்று பார்த்துவிட்டு, பென்டிரைவைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள். ஆறு மணிக்கு கேட்.